ஒளிர்ந்தால் மட்டும் போதாது: திரள் ஒளிர்வு உணரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிரும் சாயங்களில் பலவும் நீர்த்த கரைசலில் பிரகாசமாக இருக்கும். செறிவு கூடினால் மங்கிவிடும். பைரீன் என்ற ஒளிரும் சேர்மத்தில் இதை ஃபார்ஸ்டர், காஸ்பர் என்ற வேதியியலாளர்கள் 1954-லேயே பதிவு செய்துவிட்டார்கள். 2001-இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங்கின் குழு ஒரு சிலோல் (சிலிக்கன் அணு அடங்கிய வளையச் சேர்மம்) மூலக்கூறில் இதற்கு நேர்மாறானதைக் கண்டது. கரைந்திருக்கும்போது அது ஒளிரவே இல்லை, திரண்டதும் பளிச்சென்று ஒளிர்ந்தது. ஏஐஇ (aggregation-induced emission) என்று இன்று எல்லோரும் சொல்லும் திரள் ஒளிர்வு இதுதான். காரணம் எளிது. மூலக்கூறைச் சுற்றியுள்ள ஃபீனைல் வளையங்கள் கரைசலில் சுழன்றுகொண்டே இருப்பதால், உள்வாங்கிய ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. நெருக்கத்தில் அந்தச் சுழற்சி தடைபட்டால் ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது.

இதை வேதிப்பொருள்களைக் கண்டறியும் உணரியாக மாற்றும்போதுதான் தவறுகள் நுழைகின்றன. முதலாவதும் பெரியதும், ஒளிர்வு கூடியதுமே தேடிய பொருள் அகப்பட்டுவிட்டதாக முடிவு கட்டுவது. ஒளிர்வு நமக்குச் சொல்வது ஒன்றுதான்: வளையங்களின் அசைவு குறைந்திருக்கிறது. கிளிசரால் போன்ற பாகுத்தன்மை மிக்க திரவம் அதைக் குறைக்கும், குளிர்ச்சி குறைக்கும், சோப்புப் பொருள்களின் மூலக்கூறுகள் கூடி உருவாக்கும் மைசெல் என்ற நுண்உருண்டை குறைக்கும், புரதத்தின் நீர் வெறுக்கும் மடிப்புக்குள் மூலக்கூறு போய் உட்கார்ந்தாலும் குறையும். உப்பு கூடி மூலக்கூறின் கரைதிறன் விழுந்தாலும் இதே கதைதான்.

ஓர் உதாரணம். நீரில் கரைய உதவும் கார்பாக்சிலேட் தொகுதி பிணைத்த டெட்ராஃபீனைல்எத்திலீன் என்ற ஏஐஇ மூலக்கூறை நீரில் கரைத்து அலுமினியம் உப்பைச் சேர்க்கிறோம், ஒளிர்கிறது. அலுமினியத்துக்கான உணரி கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அலுமினியம் நைட்ரேட் கரைசலே அமிலத்தன்மை கொண்டது. அது பிஎச் மதிப்பை இறக்கினால் கார்பாக்சிலேட் புரோட்டானை ஏற்றுக்கொண்டு, மூலக்கூறு கரையாமல் திரளும். அப்போது ஒளிர்வுக்குக் காரணம் அலுமினியமா, அமிலமா? பிஎச்சை மாறாமல் வைக்கும் தாங்கல் கரைசல் இல்லாமல் செய்த சோதனையால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஆகவே உப்பைச் சேர்த்த பிறகும் பிஎச்சை அளந்து குறியுங்கள். அதே பிஎச்சுக்கு வெறும் அமிலத்தால் கொண்டுவந்த கரைசலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்சியம், துத்தநாகம், ஈயம், இரும்பு அயனிகளைத் தனித்தனியாகவும், அலுமினியத்தோடு கலந்தும் சோதியுங்கள். பிணைக்கும் தொகுதி இல்லாத, மற்றபடி அதே அமைப்புள்ள மூலக்கூறு ஒன்றைக் கட்டுப்பாட்டுச் சோதனைக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. துகள் அளவை ஒளிச்சிதறல் கருவியில் பார்த்தால், திரள் உண்மையிலேயே உருவானதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒளிர்வு அணைவதை வைத்துக் கண்டறியும் முறைகளில் சிக்கல் வேறு மாதிரி. பிக்ரிக் அமிலம் போன்ற நைட்ரோ சேர்மங்களுக்கு இந்த முறை அதிகம் பயன்படுகிறது. பிக்ரிக் அமிலம் 350 நானோமீட்டரை ஒட்டி ஒளியை வலுவாக உட்கவரும். நாம் தூண்டுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். அமிலத்தைச் சேர்க்கச் சேர்க்க, விளக்கின் ஒளி திரளைச் சென்றடையும் முன்பே விழுங்கப்படுகிறது. உணரிக்கும் அமிலத்துக்கும் இடையே எதுவுமே நடக்காவிட்டாலும் ஒளிர்வு சரியும். அணைக்கும் பொருளின் செறிவுக்கு எதிரே ஒளிர்வுச் சரிவைக் காட்டும் ஸ்டெர்ன்–வோல்மர் வரைபடம் மேல்நோக்கி வளைவதைப் பார்த்து அபார உணர்திறன் என்று கொண்டாடும் முன், ஒவ்வொரு புள்ளிக்கும் தூண்டும் அலைநீளத்திலும் உமிழும் அலைநீளத்திலும் உட்கவர் மதிப்பை அளந்து திருத்த வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, அதை 10-இன் அடுக்காக்கி, அளந்த ஒளிர்வால் பெருக்கினால் திருத்திய மதிப்பு கிடைக்கும். உட்கவர்வு மிக அதிகமானால் இந்தத் திருத்தமும் கை கொடுக்காது. அப்போது செறிவைக் குறைப்பதே வழி. தூண்டிய மூலக்கூறு ஒளியை உமிழும் முன் எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற ஒளிர்வின் ஆயுட்காலத்தையும் அளப்பது நல்லது. ஆயுட்காலம் மாறாமலிருந்தால் மோதலால் அணைகிறது என்ற விளக்கம் நிற்காது.

திரள் என்றாலே கலங்கல்தான், அது ஒளியைச் சிதறடிக்கும். 350-இல் தூண்டினால் 700 நானோமீட்டரில் தெரியும் கூர்மையான முகடு கருவியின் இரண்டாம் படி ஒளியாக, அதாவது தூண்டும் ஒளியே இருமடங்கு அலைநீளத்தில் தெரியும் போலி முகடாக இருக்கலாம். 397-ஐ ஒட்டி எட்டிப்பார்ப்பது நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் ராமன் முகடு. உட்கவர் நிறமாலையில் நீண்ட அலைநீளப் பக்கம் தூக்கி நிற்கும் வாலைப் புதிய பட்டை என்று எழுதிவிடக்கூடாது. உட்கவர்ந்த ஒளியில் எவ்வளவு உமிழப்படுகிறது என்ற குவாண்டம் திறனைத் தெரிந்த மதிப்புள்ள குயினைன் சல்ஃபேட்டோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் முறையும் கலங்கலில் தடுமாறும். எல்லாத் திசை ஒளியையும் திரட்டும் ஒருங்கிணைப்புக் கோளத்தில் நேரடியாக அளப்பதே சரி.

அப்புறம், மூலக்கூறு கரையும் கரைப்பானில் நீரின் விகிதத்தைக் கூட்டி, அது திரளும்போது ஒளிர்வைப் பார்க்கும் வழக்கமான சோதனை. கடைசிச் செறிவு எல்லாக் குப்பிகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். நீரை ஊற்றும் வேகமும், ஊற்றியபின் காத்திருக்கும் நேரமும்கூட ஒன்றாகவே இருக்கட்டும். 95 சதவீத நீரில் ஒளிர்வு குறைந்தால் மூலக்கூறு ஏஐஇ இல்லை என்று ஒதுக்கவேண்டாம். துகள்கள் அடியில் படிந்திருக்கலாம், அல்லது படிகத்துக்குப் பதிலாக ஒழுங்கற்ற திரள் உருவாகியிருக்கலாம். அதேபோல, புற ஊதா ஒளியின் கீழ் குப்பியை நெடுநேரம் விடாதீர்கள். டெட்ராஃபீனைல்எத்திலீன் வளையம் மூடி, ஆக்சிஜனேற்றமடைந்து டைஃபீனைல்ஃபினாந்த்ரீனாக மாறக்கூடும். பிறகு நீங்கள் அளப்பது வேறொரு பொருளை.

கடைசியாக, கண்டறியும் கீழ் எல்லை. பின்னணியின் (தேடும் பொருள் இல்லாத வெற்றுக் கரைசலின்) அளவீடுகளின் திட்ட விலக்கத்தை மூன்றால் பெருக்கி, செறிவு–ஒளிர்வு வரைபடத்தின் சரிவால் வகுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். அது நேர்கோட்டுப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். திரள்வதற்குப் பல உணரிகளில் ஒரு குறைந்தபட்சச் செறிவு தேவை. அதற்குக் கீழே எதுவும் நடக்காது, அதைத் தாண்டியதும் வளைவு செங்குத்தாக ஏறும். அந்தச் செங்குத்துப் பகுதியின் சரிவை எடுத்துக் கணக்குப் போட்டால், உணரி ஒருபோதும் உணராத செறிவு எல்லையாக வந்து நிற்கும். பின்னணியையும் ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பப் படித்து எடுக்காமல், தனித்தனியாகத் தயாரித்த வெற்றுக் கரைசல்களில் இருந்து எடுங்கள். கணக்கில் வந்த செறிவில் ஒரு மாதிரியை உண்மையாகவே தயாரித்து அளந்து பாருங்கள். அது வெற்றுக் கரைசலிலிருந்து பிரித்தறிய முடியாமல் இருந்தால், அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதாதீர்கள்.