காரைக்குடியிலிருந்து ஒரு சிவப்பு ஒளி: யூரோப்பியம் டங்ஸ்டேட் படிகம் செய்யும் முறை

உலோக ஆக்ஸைடு கொத்துகளுக்குள் (உலோக அணுக்களும் ஆக்ஸிஜனும் சேர்ந்த பெரிய அயனிகள்) யூரோப்பியம் போன்ற அருமண் தனிமத்தைப் புகுத்திப் பழக வரும் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு யூரோப்பியம் டெக்காடங்ஸ்டேட்தான், அதாவது பத்து டங்ஸ்டன் அணுக்களுக்கு நடுவே ஒரு யூரோப்பியம் உள்ள சேர்மம்தான், நல்ல தொடக்கம் என்பேன். 1971-இல் பீகாக், வீக்லி என்ற வேதியியலாளர்கள் இருவரும் காட்டிய வழி. அழுத்தக் கலன் வேண்டாம், சரியாக வந்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

சோடியம் டங்ஸ்டேட் டைஹைட்ரேட் 8.3 கிராம், யூரோப்பியம் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 1.1 கிராம், அடர் அசிட்டிக் அமிலம் கொஞ்சம். பத்து டங்ஸ்டனுக்கு ஒரு யூரோப்பியம் என்பது கணக்கு. தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவே இருக்கட்டும். நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கிடைக்கிற உப்பான போர் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம், டங்ஸ்டேட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாக அடியில் இறங்கிவிடும்.

டங்ஸ்டேட்டை 20 மி.லி. நீரில் கரைத்து, கலக்கிக்கொண்டே அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.ஹெச். 7.2-க்குக் கொண்டுவாருங்கள். அவசரப்படவே கூடாத இடம் இதுதான்: ரொம்பக் கீழே இறங்கினால் டங்ஸ்டேட் அயனிகள் தங்களுக்குள்ளேயே கூடிப் பாராடங்ஸ்டேட் என்ற வேறு கொத்தாகிவிடும், காரமாகவே விட்டுவிட்டால் யூரோப்பியம் ஹைட்ராக்ஸைடாகப் படிந்துவிடும்.

அப்புறம் 85–90 டிகிரிக்குச் சூடாக்கி, யூரோப்பியம் நைட்ரேட்டை 2 மி.லி. சுடுநீரில் கரைத்துத் துளித்துளியாக விடுங்கள். ஒவ்வொரு துளி விழும்போதும் வெள்ளையாகக் கலங்கும், கலக்கினால் தெளியும்; தெளிந்த பிறகே அடுத்தது. கடைசிவரை கரையாமல் நிற்பதைச் சூட்டோடு வடிகட்டிவிட்டு, ஆறவிட்டு, படிகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். வந்த படிகத்துக்குள் நிறைய நீர் இருக்கிறது, காரைக்குடி வெயில் காலத்தில் திறந்து வைத்தால் அது போய்விடும், மூடியுள்ள குப்பியில் போட்டு வையுங்கள்.

சரி, சோதனை. புறஊதாவைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு 254 நானோமீட்டர் புறஊதா விளக்கைக் காட்டுங்கள், பளிச்சென்று சிவக்கும். அமைப்பு இப்படி: இரண்டு தேங்காய் மூடிகளுக்கு நடுவே ஒரு கோலிக்குண்டு மாதிரி, ஐந்தைந்து டங்ஸ்டன் கொண்ட இரு பாதிகளுக்கு இடையில் யூரோப்பியம் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள எட்டு ஆக்ஸிஜனும் அந்தப் பாதிகளுடையவை, நீர் மூலக்கூறு நேரடியாக ஒட்ட இடமில்லை. நீர் ஒட்டினால் அதன் அதிர்வு ஒளிக்கான ஆற்றலைத் தின்றுவிடும்; யூரோப்பியம் நைட்ரேட் கரைசல் மங்கலாகத் தெரிவது அதனால்தான்.

கை பழகியபின் யூரோப்பியத்துக்குப் பதில் எர்பியம் போடலாம். சிவப்பு வராது, ஆனால் அந்தக் கொத்து ஒற்றை மூலக்கூறு காந்தமாக (ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியே ஒரு குட்டிக் காந்தம் போல) நடந்துகொள்கிறது என்று 2008-இல் காட்டியிருக்கிறார்கள்.