பூனை வளர்க்கும் வீட்டுக்குள் பாம்பு வந்தால்: திருகோணமலையில் நாம் விடும் தவறுகள்

பூனை இருக்கும் வீட்டுக்குப் பாம்பு வராது என்று திருகோணமலையில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். பூனை வளர்ப்பவர்கள் விடும் மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் கிளைக்கின்றன. பூனை எலியைக் குறைக்கும்; எலியைத் தேடி வரும் பாம்பும் அதனால் ஓரளவு குறையலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். தரையில் எது நெளிந்தாலும் முன்னங்காலால் தட்டிப் பார்ப்பது பூனையின் இயல்பு. தன்பாட்டில் வேலியோரமாகப் போகவிருந்த பாம்பை மறித்துச் சீற வைப்பதும் அதுதான்; வாயில் கவ்விக்கொண்டு வந்து குசினிக்குள் உயிரோடு போடுவதும் அதுதான். மூன்று நான்கு கிலோ எடையுள்ள ஒரு பிராணியைக் காவலுக்கு வைத்துவிட்டு, நாம் பின்கதவைத் திறந்து வைத்துப் படுக்கிறோம்.

பாம்பையே செல்லப்பிராணியாக வளர்ப்பதைப் பற்றியும் இப்போது இளைஞர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் மலைப்பாம்பும் பூனையும் ஒரே கட்டிலில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வரும் ஆசை அது. இங்கே அந்த ஆசை வேண்டாம். இலங்கையில் இயற்கையாக வாழும் பாம்பினங்களில் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. வெங்கிணாந்தி என்று நாம் சொல்லும் மலைப்பாம்பைப் பிடித்துக் கூட்டில் அடைப்பது குற்றம். அதோடு வளர்ந்த வெங்கிணாந்திக்குப் பூனை ஒரு வேளை இரை. பாம்பு வளர்க்க அனுமதியுள்ள நாடுகளிலும் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக விடுவதில்லை. பூட்டக்கூடிய மூடியுள்ள பெட்டியில், பூனை நுழையாத தனி அறையில்தான் பாம்பு இருக்கும். மூடி வெறும் கம்பிவலையாக இருந்தால், வெப்ப விளக்கின் சூட்டுக்காகப் பூனை அதன்மேல் ஏறிப் படுக்கும். வலை தாழ்ந்து கழன்றுவிட்டால் இரண்டில் ஒன்று காயப்படும். மனிதக் கைக்குப் பழகிய பாம்பு பூனைக்கும் பழகிவிட்டது என்று நினைப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நமக்குள்ள பிரச்சினை, அழைக்காமல் வரும் பாம்பு. அது எப்போது வரும் என்பதை மாவட்டத்தின் மழையும் வயலும் சொல்லிவிடும். ஒக்டோபரில் மழை பிடித்து, வடகீழ்ப் பருவக்காற்றோடு வலுக்கும்போது தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாழ்நிலங்களில் புற்றுகளிலும் எலி வளைகளிலும் தண்ணீர் ஏறும். பாம்பு மேட்டைத் தேடும். சுற்றிலும் வெள்ளம் நிற்கும் நேரத்தில் மேடு என்பது நம் வீட்டு அத்திவாரமும் விறகுக் கொட்டிலும்தான். பிறகு பெரும்போக அறுவடைக் காலத்தில் எலிகள் வயலை விட்டு வளவுக்கு வரும்போது, பின்னால் பாம்பும் வரும். நிலாவெளி, குச்சவெளி போன்ற மணற்பாங்கான கரையோரத்தில் சுருட்டை விரியனை நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு முழத்துக்கு மேல் வராத பாம்பு என்பதாலேயே அதைப் பூனையும் அலட்சியமாக அணுகும், நாமும் அலட்சியமாகப் பார்ப்போம்.

வீட்டுக்கு வரும் பாம்புகளில் அதிகமானவை ஆபத்தற்றவை. சாரை, கொம்பேறி மூக்கன், ஓடுகளுக்கிடையில் பல்லி தேடும் வெள்ளிக்கோல் வரையன் ஆகியவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. நாகம், புடையன் என்று நாம் சொல்லும் கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன் என்றும் பெயருள்ள கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் பக்கத்தில் உயிரெடுக்கக்கூடியவற்றில் முக்கியமானவை. இவற்றில் பூனை வளர்ப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன் என்பது என் கருத்து. அது இரவில் இரை தேடும். இலங்கையில் அதன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குபவர்கள்மீதே விழுகிறது. பல சமயம் வலி தெரியாது, கடித்த தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிதல், பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சில் போய் முடியும்.

இப்போது பூனை இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பூனை போய்வரப் பின்கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. நடு இரவில் பூனை எதையோ கவ்வி வந்து பாயருகே போட்டுத் தட்டி விளையாடுகிறது. தூக்கக் கலக்கத்தில் ஒரு கை அதை விலக்கப் போகிறது. இந்த அபாயத்தை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம். நாமே நீக்கவும் முடியும். பொழுதுபட்டதும் பூனையை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். மணல் நிரப்பிய ஒரு தட்டு மூலையில் இருந்தால் இரவில் அது வெளியே போகத் தேவையில்லை; கடற்கரை மணலுக்கு நம் ஊரில் பஞ்சமும் இல்லை. ஓரிரு வாரம் கதவைப் பிறாண்டிக் கத்தும். விட்டுக்கொடுக்காதீர்கள், பழகிவிடும். கதவின் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி குட்டிப் பாம்புக்குப் போதும். பழைய இரப்பர்ப் பட்டியை அடித்தோ, சாக்கைச் சுருட்டி வைத்தோ அதை அடைக்கலாம். குளியலறைத் தண்ணீர் போகும் துவாரத்துக்கு வலை போடுங்கள். கட்டில் இல்லாவிட்டால் நுளம்பு வலையைப் பாயின் அடியில் நான்கு பக்கமும் செருகிப் படுங்கள். பாம்புக்கும் அது நல்ல தடுப்பு.

அடுத்த தவறு சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. மீன் தலையும் சோறும் குழைத்து வைத்த தட்டு இரவு முழுவதும் கிணற்றடியிலோ விறாந்தையிலோ கிடக்கும். மிச்சத்தைத் தின்ன எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பூனைக்குப் பகலில் நேரம் வைத்து உணவு கொடுத்து, அரை மணி நேரத்தில் தட்டைக் கழுவி வைத்துவிடுங்கள். கோழித்தீன் வாளிக்கு மூடி போடுங்கள். எலிக்கு நஞ்சு வைப்பதைப் பூனை உள்ள வீட்டில் முற்றாகத் தவிர்க்க வேண்டும். நஞ்சு தின்று தள்ளாடும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். இரத்தம் உறையாமல் செய்யும் அந்த நஞ்சு பூனையின் உடலிலும் வேலை செய்யும். பொறிக்கூடு போதும்.

பாம்பை விரட்ட வளவைச் சுற்றிப் பூண்டுச் சாறும் மண்ணெண்ணெயும் தெளிப்பவர்கள், நப்தலீன் உருண்டை போடுபவர்கள், பினாயில் ஊற்றுபவர்கள் உண்டு. இவை பாம்பைத் தடுப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை. பூனைக்கோ இவை எல்லாமே நஞ்சு. பாதத்தில் ஒட்டியதை அது நக்கித் துடைக்கும், அந்த வழியாக எல்லாம் வயிற்றுக்குள் போகும். பூண்டு உள்ளே போனால் சிவப்பணுக்கள் சிதையும். பினாயில் வகையை வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அந்தப் பணத்தையும் உழைப்பையும் வளவைத் துப்புரவாக்குவதில் செலவிடுங்கள். வேலியடியில் குவித்த பொச்சு மட்டை, பழைய கிடுகு, ஓட்டுத் துண்டு, சுவரோடு சாய்த்த விறகு எல்லாம் பாம்புக்கு வீடு. விறகைச் சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி அடுக்குங்கள். குட்டி போடப்போகும் பூனையும் இதே இருட்டு மூலைகளைத்தான் தேடும். ஆகவே நாள் நெருங்கும்போது வீட்டுக்குள் உயரமான ஒரு பெட்டியில் பழைய சீலை விரித்து அதற்கு இடம் காட்டிவிடுங்கள். விறகுக் கொட்டிலில் பிறந்த குட்டிகள் நாகத்துக்கு எளிய இரை.

இனி, பூனையும் பாம்பும் நேருக்கு நேர் நிற்கும் அந்த நிமிடம். அன்பு மிகுந்தவர்களே இங்கே அதிகம் தவறுகிறார்கள். ஓடிப்போய்ப் பூனையைத் தூக்குவார்கள். வெறியில் நிற்கும் பூனை யாரென்று பார்க்காமல் கையைக் கடிக்கும். குனிந்த முகமும் நீட்டிய கையும் பாம்புக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். ஓரிரு மீற்றர் தள்ளி நின்று பூனைமீது ஒரு வாளித் தண்ணீரை வீசுங்கள், அல்லது தடித்த துவாயை எறிந்து அதன் கவனத்தைக் குலையுங்கள். பூனை விலகியதும் அதை இன்னோர் அறையில் போட்டுக் கதவைச் சாத்துங்கள். பிள்ளைகளும் நாயும் வெளியே போகட்டும். வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று பாம்பு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்வையிலிருந்து தப்பிய பாம்புதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். வெளியே போகும் வழி திறந்திருந்தால் பெரும்பாலும் அது தானாகவே போய்விடும். போகாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பூனை கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, விசர்நோய்த் தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தடியெடுத்து அடிக்கப் போவதும் வேண்டாம். அடிபட்ட பாம்புதான் மூர்க்கமாகக் கடிக்கும். செத்துவிட்டதென்று விட்டதைப் பூனை எடுத்து விளையாடும். வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரத்துக்குக் கடிக்கும் வலுவோடு இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. கட்டுவிரியனா வெள்ளிக்கோல் வரையனா என்று கிட்டப்போய்ப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். கட்டுவிரியனில் வெள்ளைக் கோடுகள் கழுத்தருகே மங்கி வாலை நோக்கித் தெளிவாகும்; வரையனில் முன்பக்கம் தெளிந்து வாலில் மறையும். ஆனால் டோர்ச் வெளிச்சத்தில் ஓடும் பாம்பில் இதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

பூனைக்குப் பாம்பு விஷம் ஏறாது என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது. அதை நம்பிப் பல பூனைகள் வைத்தியமில்லாமல் செத்திருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. அந்நாட்டுப் பழுப்புப் பாம்பின் விஷம் நாயின் இரத்தத்தை உறைய வைக்கும் வேகத்தில் பூனையின் இரத்தத்தை உறைய வைப்பதில்லை. அதனால் மருந்தில்லாமலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் தப்புகின்றன. மற்ற ஒன்று சாகிறது. அதுவும் இரத்தத்தைத் தாக்கும் விஷத்தைப் பற்றிய ஆய்வு. நரம்பை முடக்கும் கட்டுவிரியன் விஷத்துக்கு இதை வைத்து ஆறுதல் கொள்ள முடியாது.

கடிபட்ட பூனை முதலில் செய்வது ஒளிந்துகொள்வது. கட்டிலுக்கு அடியில் போய் வராமல் கிடந்தால், கோபித்துக்கொண்டது என்று விட்டுவிடாதீர்கள். கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழும். மயிர் மூடியிருப்பதால் தடம் தெரியாது. பின்னங்கால் தளர்வது, எச்சில் ஒழுகுவது, கண்மணி விரிந்தே இருப்பது, குரல் மாறுவது, மூச்சு மேலோட்டமாவது ஆகியவை நாகம், கட்டுவிரியன் கடியின் அடையாளங்கள். முகமோ காலோ வீங்குவதும், பல் முரசிலிருந்து இரத்தம் கசிவதும், சிறுநீர் கறுத்துப் போவதும் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் காட்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் பூனை கைவிட்டுப் போகிறது.

இந்த நேரத்தில் செய்யக்கூடாதவற்றில் முதலிடம் பனடோலுக்கு. வலி குறையட்டும் என்று பாதி மாத்திரை கொடுக்கிறார்கள். பனடோலில் உள்ள பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. பாம்பு கொல்லாத பூனையை அது கொன்றுவிடும். பால், முட்டை, எண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் எல்லாம் நுரையீரலுக்குள் போகும். கீறுவது, இறுக்கிக் கட்டுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல், காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்து, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

தொலைபேசியில் சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விஷமுறி மருந்து எல்லா மிருக வைத்தியரிடமும் எந்நேரமும் இருப்பதில்லை. இலங்கையில் பயன்படுத்தப்படுவது இந்தியாவில் செய்யப்படும், மேற்சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவான மருந்து. சிறிய உடம்புக்குச் சிறிய அளவு போதும் என்பதும் சரியல்ல. பாம்பு இறக்கிய விஷத்தின் அளவுக்கே மருந்து வேண்டும், பூனையின் எடைக்கு அல்ல. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் உங்கள் பக்கத்து மிருக வைத்தியரிடம் ஒரு தடவை போய், இரவில் யாரை அழைப்பது, மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதி வையுங்கள். பூனையைத் தூக்கப் போனவருக்கும் கடி விழுந்திருக்கலாம் என்ற சிறு சந்தேகம் இருந்தாலும் பூனையை அப்படியே விட்டுவிட்டு 1990 அம்புலன்ஸை அழைத்து அவரை வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். வலி இல்லை, தடம் இல்லை என்பதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள்.

தப்பிப் பிழைத்த பூனையை மறுநாளே வெளியே விடாதீர்கள். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த பூனைக்குச் சிறுநீரகம் சில நாள் கழித்தும் பழுதாகலாம். மணல் தட்டில் எவ்வளவு நனைகிறது, என்ன நிறம் என்று ஒரு வாரமாவது பாருங்கள்; குறைந்தாலோ கறுத்தாலோ திரும்பவும் வைத்தியரிடம் எடுத்துச் செல்லுங்கள்.