டி.எஸ்.எச் ஏறினால் தைராய்டு இறங்குகிறது: உடம்பைக் குறித்து வைப்பது எப்படி?

எல்லாரும் வியர்க்கிறது என்று மின்விசிறியைக் கூட்டி வைக்கும்போது நான் காலுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது எனக்கு 38 வயது. அதோடு மலச்சிக்கல், முடி கொட்டல், மத்தியானம் மூன்று மணிக்கே கண்ணைச் சுழற்றும் அசதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். தண்ணீர் குடிக்கவில்லை, ஷாம்பு சரியில்லை, தூக்கம் போதவில்லை. நாலையும் ஒரே தாளில் எழுதிய அன்றுதான் டாக்டரிடம் போகத் தோன்றியது.

கழுத்தில் இருக்கும் தைராய்டு போன்ற சுரப்பிகள் விடும் ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. அதனால் கோளாறும் ஓரிடத்தில் நிற்காமல் நாலு இடத்தில் தலைகாட்டும். முடி மட்டும் கொட்டினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆகவே ஒரு நோட்டை எடுத்து நாலு வாரம் எழுதுங்கள். காலையில் எழுந்ததும் முழுசாக ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். எடை வாரம் ஒருமுறை போதும். தினமும் ஏறிப் பார்த்தால் வீண் கவலைதான் மிஞ்சும். மாதவிலக்கு வந்த தேதி, மலம் கழித்த நாட்கள், குளிரா புழுக்கமா என்பதையும் குறியுங்கள்.

நாடி மந்தம், குளிர், வறண்ட தோல், மலச்சிக்கல், மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு எல்லாம் சேர்ந்து வந்தால் தைராய்டு குறைவைச் சந்தேகிக்கலாம். படபடப்பு, வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவது என்றால் நேர் எதிர்ப்பக்கம். கையை நீட்டி, புறங்கையின் மேல் ஒரு தாளை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தைத் தாளின் ஓரம் காட்டிக்கொடுக்கும். பிடரியில் தோல் கருத்துத் தடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை சரிவு என்றால் நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள்.

இனி ரத்தப் பரிசோதனைத் தாள். என் டி.எஸ்.எச் 14, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. "எனக்குத் தைராய்டு அதிகமாம்" என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். தலைகீழாகப் படித்திருக்கிறேன். டி.எஸ்.எச் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன். தைராய்டு சோம்பினால் "வேலை செய்" என்று அது அதட்டும். அந்த அதட்டலின் அளவுதான் அந்த எண். பெரும்பாலான ஆய்வகங்களில் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு. தைராய்டே சுரக்கும் ஹார்மோனின் அளவைச் சொல்லும் எஃப்.டி.4-ஐயும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுசாகும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அது முடிவையே பிசகச் செய்யும். வழக்கமாக இரண்டு நாளாவது நிறுத்தச் சொல்வார்கள்.

தைராய்டு ஹார்மோனான தைராக்சினை மாத்திரையாக எழுதிக் கொடுத்தால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள். காபிக்கும் சாப்பாட்டுக்கும் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. நான் முதல் மாதம் மூன்றையும் ஒரே வாயில் விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லையே என்று புலம்பினேன்.

பத்து நாளில் மறுபடி ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள். தைராக்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவு நிலைப்பட ஆறு வாரமாவது வேண்டும். எனக்கு முதலில் விட்டது அசதி. முடிக்கு மேலும் சில மாதம் பிடித்தது.