இரண்டு பேருக்கு பிரியாணி: கல்யாண நாள் விருந்து சறுக்கும் இடங்கள்

கல்யாண நாளுக்கு வீட்டிலேயே சமைத்து அசத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் தொடுவது சீரகச்சம்பா மட்டன் பிரியாணியை. கூடவே இறால் வறுவல், கடைசியில் கேரமல் புட்டிங். மூன்றுமே நல்ல தேர்வுதான். ஆனால் மூன்றையும் மாலை ஆறு மணிக்கு மேல் தொடங்குவதுதான் முதல் தவறு. எட்டு மணிக்கு இலை போட வேண்டுமென்றால், அன்று மாலை அடுப்பில் புதிதாக நடக்க வேண்டியவை இரண்டே: பிரியாணிக்கு வெங்காயம் வதக்குவது முதல் தம் வரை, இறாலுக்கு வறுவல். மற்றதெல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது. ஒரு கிலோ அரிசிக்கான அளவை ஐந்தால் வகுத்து இரண்டு பேருக்குச் சமைப்பது. அரிசி, கறி, உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் வகுத்தால் சரியாக வரும், தண்ணீர் வராது. ஆவியாகும் தண்ணீர் அரிசியின் எடையைப் பார்ப்பதில்லை. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், அடுப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. வாயகன்ற பாத்திரத்தில் ஒரு கப் அரிசி ஒரு விரல் உயரத்துக்குப் பரவிக் கிடக்கும். அரிசி வேகும் முன்பே தண்ணீர் போய்விடும், அடி பிடிக்கும். இரண்டு பேருக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் கொள்ளும், அடி கனமான, மூடி நன்றாகப் பொருந்துகிற பாத்திரம் போதும்.

அளவு இது: எலும்போடு மட்டன் 300 கிராம், சீரகச்சம்பா ஒரு கப் (சுமார் 200 கிராம்), வெங்காயம் இரண்டு, தக்காளி ஒன்று, தயிர் மூன்று தேக்கரண்டி. மட்டனை முந்தின நாளே உப்பு, மஞ்சள், கொஞ்சம் இஞ்சி பூண்டு விழுது, ஒரு கப் தண்ணீர் சேர்த்து குக்கரில் நாலைந்து விசில் விட்டு எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த வேகவைத்த தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவதும் தவறு, அளக்காமல் அப்படியே சேர்ப்பதும் தவறு. அதை அளந்து, போதாததற்கு வெந்நீர் சேர்த்து, மொத்தம் ஒன்றேமுக்கால் கப் ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய அரிசி கொஞ்சம் அதிகம் குடிக்கும். அதற்கு இரண்டு கப் வரை போகலாம். அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, ஒட்ட வடிக்க வேண்டும். வடிக்காமல் போட்டால் அளந்ததற்கு அர்த்தமே இல்லை.

வெங்காயத்தில் அவசரப்படவே கூடாது. மெல்லியதாக நறுக்கிய வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிச் சிவக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். கண்ணாடி போல் ஆனதுமே இஞ்சி பூண்டு விழுதைப் போட்டால் பிரியாணி வெளுத்து, இனித்து நிற்கும். தயிரை அடித்து, தீயைக் குறைத்த பிறகு ஊற்றுங்கள். கொதிக்கிற மசாலாவில் குளிர்ந்த தயிர் திரிந்துவிடும். அரிசி போடும் முன் தண்ணீரை ருசித்துப் பாருங்கள். உப்பு ஒரு படி தூக்கலாக இருந்தால்தான் அரிசி இழுத்த பிறகு சரியாக இருக்கும்.

தண்ணீரும் அரிசியும் சமமாக வந்து, மேலே சின்னச் சின்னக் குழிகள் தெரியும் அந்த நிமிடம்தான் தம் போடும் நேரம். அடியில் சூடான தோசைக்கல், மிகக் குறைந்த தீ, பதினைந்து நிமிடம். அணைத்த பிறகு இன்னும் பதினைந்து நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். உடனே கிளறினால் மென்மையாக இருக்கும் அரிசி உடைந்து குழையும். குளித்து உடை மாற்ற இந்த அரை மணி நேரம்தான் வாய்ப்பு, தீயைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்தால்.

இறாலுக்கு மசாலாவை முன்கூட்டியே தடவலாம். உப்பை மட்டும் கடைசியில் சேருங்கள். முன்பே போட்டால் தண்ணீர் விட்டு, வறுவல் அவியல் ஆகிவிடும். துணியால் ஒற்றி, சூடான கல்லில் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்பி, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். பிறை போல் வளைந்தால் பதம். வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர்.

புட்டிங்குக்கு இரண்டு முட்டை, 250 மில்லி பால், நான்கு தேக்கரண்டி சர்க்கரை. பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கொதிக்கிற பாலில் முட்டை திரண்டுவிடும். இட்லிப் பானையில், மூடி போட்டு, சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம். வெட்டும்போது தேன்கூடு போல் ஓட்டைகள் தெரிந்தால் தீ அதிகம் என்று அர்த்தம். நான்கு மணி நேரமாவது குளிராமல் கவிழ்த்தால் உடையும்; அதனால்தான் இதையும் முந்தின நாளே முடிக்கச் சொல்வது.

இவ்வளவுக்குப் பிறகும் சறுக்கினால் விருந்தைக் கைவிட வேண்டாம். அரிசி நடுவில் விறைப்பாக இருந்தால் கால் கப் வெந்நீரைத் தெளித்து இன்னும் எட்டு நிமிடம் தம். குழைந்திருந்தால் அகலமான தட்டில் கிளறாமல் பரப்பி ஐந்து நிமிடம் ஃபேன் காற்றில் வையுங்கள். அடி பிடித்த வாடை வந்தால் கரண்டியை அடிவரை விடாதீர்கள். மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, மூடாமல் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் அடங்கிவிடும்.