இடது மணிக்கட்டு மக்கர் செய்தால்: டெல் போட்ரோவைப் பார்த்து ஸ்லைஸ் பழகுவது எப்படி

முதலில் ஒரு சோதனை. குளித்து முடித்து ஈரத்துண்டைப் பிழியும்போது, இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாகச் சுரீரென்று இழுக்கிறதா? நீங்கள் வலது கை டென்னிஸ் ஆட்டக்காரர், பேக்ஹேண்டை, அதாவது இடப்பக்கம் வரும் பந்தை, இரண்டு கையாலும் அடிப்பவர் என்றால் மேலே படியுங்கள். இரு கை பேக்ஹேண்டில் வலது கை பெரும்பாலும் ஒத்தாசைக்குத்தான். பந்தை உண்மையில் அடிப்பது இடது கை. ராக்கெட் தலையைக் கீழே இறக்கி மேலே வழித்து எடுக்கிற வேலை முழுக்க அந்த மணிக்கட்டின் தலையில்தான் விழுகிறது.

எனக்கு இது 44 வயதில் வந்தது. வங்கி வேலை, காலை ஆறு முதல் ஏழரை வரை கிளப்பின் மண் கோர்ட்டில் டபுள்ஸ், அவ்வளவுதான் என் டென்னிஸ். வலி வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நானோ கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று மாதம் ஆடினேன். கடைசியில் சட்டைப் பொத்தான் போடவே வலது கையை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. ஆகவே முதல் படி: நிறுத்துங்கள். எலும்பு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். என்ன போயிருக்கிறது என்று தெரியாமல் கீழே சொல்லும் எதையும் முயல வேண்டாம். நான் ஆட்டக்காரன், வைத்தியன் இல்லை.

ஓய்வில் இருந்த ஆறு வாரத்தில்தான் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோவை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். அர்ஜென்டினாவின் டான்டில் ஊர்க்காரர், 198 சென்டிமீட்டர் உயரம். 2009 யுஎஸ் ஓபனில் அரையிறுதியில் நடாலை 6-2, 6-2, 6-2 என்று துவைத்துவிட்டு, இறுதியில் ஃபெடரரை ஐந்து செட்டில் வென்றபோது வயது இருபது. அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ஃபெடரர் கையில் இருந்த கோப்பை அது. நான்கே மாதத்தில் வலது மணிக்கட்டு தகராறு செய்தது. அதோடு 2010 ஆஸ்திரேலிய ஓபனில் இறங்கி நான்காவது சுற்றில் குரோஷியாவின் சிலிச்சிடம் ஐந்து செட் போராடித் தோற்றார். மே மாதம் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு அவருக்கு இல்லாமலே போயிற்று.

நம் பாடத்துக்கு வேண்டியது அடுத்த கதை. 2014 மார்ச், 2015 ஜனவரி, 2015 ஜூன் என்று பதினைந்து மாதத்தில் மூன்று முறை இடது மணிக்கட்டைக் கீறினார்கள். 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெல்ரே பீச் போட்டியில் திரும்பி வந்தபோது தரவரிசை ஆயிரத்துக்கும் கீழே. இரு கை பேக்ஹேண்ட் கிட்டத்தட்ட கிடையாது. அதற்கு பதிலாக வலது கையால் மட்டும் வெட்டி அனுப்பும் ஸ்லைஸ். ஒரு காலை நொண்டிக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்கு வந்த மாதிரிதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜோகோவிச்சோடு அவர் ஆடிய முதல் சுற்று ஆட்டத்தைப் பார்ப்பது. அவர் அப்போது 141ஆம் இடம், எதிரே உலகின் முதல் இடம். (அன்று காலை வீரர்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டிருந்தார் என்பது தனிக் கதை.) 7-6, 7-6 என்று ஜெயித்தார். முதல்முறை ஸ்கோருக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பந்தையே பார்க்காமல், பேக்ஹேண்ட் பக்கம் பந்து வரும்போதெல்லாம் அவருடைய இடது கையை மட்டும் பாருங்கள். அந்தக் கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைக்கும். வீச்சு தொடங்கியதும் விட்டுவிடும். விட்ட கை சும்மா தொங்காது, உடம்பு சுழன்றுவிடாமல் பின்பக்கமாக நீளும். எனக்கு இது புரிய நான்கு நாள் ஆனது.

சரி, கோர்ட்டுக்குப் போவோம்.

ஆணி அடிக்கச் சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி ராக்கெட்டைப் பிடியுங்கள். கான்டினென்டல் பிடி என்பது அதுதான். சர்வீஸுக்கும், பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கும் ஏற்கெனவே அதைத்தான் பிடிக்கிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. வலது தோள் வலையைப் பார்க்கும் வரை திரும்புங்கள். ராக்கெட் தலை, வரும் பந்தைவிட உயரத்தில் இருக்கட்டும். வலது காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, பந்தை உடம்புக்குச் சற்று முன்னாலேயே சந்தியுங்கள். வலது மணிக்கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், மடங்கவே கூடாது. இல்லாவிட்டால் இடது கைக்கு வந்தது வலது கைக்கும் வரும்.

எல்லாரும் சறுக்குவது வீச்சில்தான். ஸ்லைஸ் என்றால் மேலிருந்து கீழே ஒரு வெட்டு என்று நினைத்து நானும் கொத்திக்கொண்டிருந்தேன். பந்து பட்டம் போல மிதந்து போய் எதிராளிக்கு ஸ்மாஷ் அடிக்க வாகாக நின்றது. ஆட்டக்காரர்களுக்குப் பந்து போட்டுப் பழக்கும் எங்கள் கிளப் மார்க்கர் இரண்டு கூடை பந்து போட்டுவிட்டு வலைக்கு வந்தார்.

“சார், கொத்து பரோட்டா போடாதீங்க. தோசையைத் திருப்புங்க.”

“புரியலைண்ணே.”

“தோசைக் கரண்டியைக் கல்லுல குத்துவீங்களா? அடியில நுழைச்சு முன்னால தள்ளுவீங்கள்ல? அதேதான்.”

இதைவிடத் தெளிவாக எந்தக் கோச்சும் எனக்குச் சொன்னதில்லை. கொஞ்சம்தான் கீழே, மிச்சமெல்லாம் முன்னால். அடித்து முடித்த பிறகு ராக்கெட் பந்து போன திசையைக் காட்ட வேண்டும், உங்கள் முட்டியை அல்ல. சரியாகப் பட்டால் ‘சர்ர்ர்’ என்று தேய்கிற சத்தம் வரும். ‘டொக்’ என்றால் கொத்தியிருக்கிறீர்கள். மண் கோர்ட்டில் நல்ல ஸ்லைஸ் பந்து எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போகும். அந்தத் தடத்தை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

தினம் ஐம்பது பந்து, குறுக்காக மட்டும், மூன்று வாரம். நேர்கோட்டில் அடிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். குறுக்கே வலை தாழ்வு, தூரமும் அதிகம்.

ஸ்லைஸால் பாயிண்ட் ஜெயிக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. டெல் போட்ரோவும் அதனால் ஜெயிக்கவில்லை. ஸ்லைஸ் அவருக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது, அந்த நேரத்தில் இடப்பக்கம் நகர்ந்து நின்று அந்தப் பயங்கர ஃபோர்ஹேண்டை (வலப்பக்க அடியை) இறக்கினார். ஆகவே ஸ்லைஸ் அடித்ததும் நின்று ரசிக்காமல், அரை அடியாவது இடப்பக்கம் நகருங்கள். அடுத்த பந்து தளர்வாக வந்தால் அது உங்கள் ஃபோர்ஹேண்டுக்கு. டபுள்ஸில் நான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். அந்தப் பக்கம் நின்றால் அகலமாக வரும் சர்வீஸ் ஃபோர்ஹேண்டுக்கு வரும், நடுவில் வருவதை ஸ்லைஸ் பார்த்துக்கொள்ளும். பத்து வருடமாக வலப்பக்கம் ஆடிய ஜோடி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரு கை பேக்ஹேண்டை எப்போது திரும்ப எடுப்பது? டாக்டரும் ஃபிசியோவும் சரி என்ற பிறகுதான், அதுவும் சர்வீஸ் கட்டத்துக்குள் நின்று, பழைய தளர்ந்த பந்தில், முதலில் பத்து நிமிடம். ஆடும்போது வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள்; உடம்பு சூட்டில் எதுவும் தெரியாது. மறுநாள் காலை ஈரத்துண்டுதான் நீதிபதி. இழுத்தால் இரண்டு நாள் விடுப்பு. டெல் போட்ரோவும் ஒரே நாளில் அதை மீட்டுவிடவில்லை. ரியோவில் ஸ்லைஸோடு வெள்ளி, அதே நவம்பரில் ஜாக்ரெப்பில் சிலிச்சுக்கு எதிராக இரண்டு செட் பின்தங்கி மீண்டு வந்து நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையை அர்ஜென்டினா முதல்முறை வெல்ல வழி. 2018 இந்தியன் வெல்ஸ் இறுதியைப் போட்டுப் பாருங்கள், இரு கை அடி மறுபடி வந்திருக்கும். ஃபெடரரிடம் மூன்று மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு பாயிண்ட் போனால் தோல்வி என்ற நிலை) தப்பித்து ஜெயித்த ஆட்டம் அது. அந்த ஆகஸ்டில் மூன்றாம் இடம் வரை ஏறினார்.

ஒரு எச்சரிக்கை, முட்டி. தாழ்ந்த ஸ்லைஸுக்கு மடங்க வேண்டியது இடுப்பல்ல, முட்டி. ஐம்பது பந்துக்கு ஐம்பது முறை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பதினைந்து முறை எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையே செய்ய முடியாதவர் முதலில் அதைப் பழகட்டும். டெல் போட்ரோவைக் கடைசியில் வீழ்த்தியதும் முட்டிதான். 2018 அக்டோபரில் ஷாங்காயில் விழுந்து வலது முட்டிச் சில்லு உடைந்தது, 2019 ஜூனில் லண்டனில் மறுபடியும். மணிக்கட்டு போனபோது ஸ்லைஸ் என்று ஒரு மாற்று வழி இருந்தது. முட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை.

2022 பிப்ரவரியில் புவெனஸ் ஐரஸில் சக நாட்டுக்காரர் டெல்போனிஸிடம் தோற்றுவிட்டு, தலையில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றி வலையில் தொங்கவிட்டுப் போனார். அந்த ஆட்டத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஸ்லைஸ் பழக அது தேவையில்லை, ரியோவே போதும்.