கால்பந்து வீரர் சாவி போல் பந்து வருமுன்பே பார்க்க ரோண்டோ பயிற்சி

1998 முதல் 2015 வரை பார்சிலோனா முதல் அணியின் நடுக்களத்தில் ஆடிய சாவி வேகத்தை நம்பியவரல்ல; பந்து வருமுன்பே சுற்றிலும் பார்த்துவிடுவார். அதைப் பழக ரோண்டோதான் சரி: சுற்றி நிற்பவர்கள் பந்தைப் பாஸ் செய்துகொண்டே இருக்க, உள்ளே இருப்பவர்கள் பறிக்கப் பார்க்கும் பயிற்சி இது.

10 மீட்டர் சதுரம் போடுங்கள். பக்கத்துக்கு ஒருவர், நடுவில் ஒரு கூட்டாளி, பந்தைப் பறிக்க இருவர். பந்து வந்தால் ஒருவருக்கு இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது. பறிகொடுத்தவர் பறிப்பவராக மாறணும்.

நடுவில் நிற்கும் கூட்டாளிக்குத்தான் உண்மையான வேலை. பாஸ் கிளம்பும்போதே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரத்துக் காலால் பந்தை வாங்கணும். கிட்டத்துக் காலால் வாங்கினால் பந்து காலடியிலேயே சிக்கும், திரும்ப வழியிருக்காது. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

மூன்று பாஸ்கூடச் சேரவில்லையா? சதுரத்தின் பக்கங்களை 2 மீட்டர் கூட்டுங்கள். ஒரு தொடுதல் ஆட்டத்துக்கு அவசரம் வேண்டாம்.