வீட்டுப் பாலுக்கு இரண்டு தலைச்சேரி ஆடுகள்: சிறு தோட்டத்தில் கறவை ஆடு வளர்க்கும் முறை

தமிழ்நாட்டில் வெள்ளாடு பெரும்பாலும் கறிக்காகவும் அவசரப் பணத் தேவைக்காகவுமே வளர்க்கப்படுகிறது. கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகிய நம் இனங்கள் வறட்சியைத் தாங்கி, கிடைத்ததை மேய்ந்து பிழைப்பதில் கெட்டி. ஆனால் குட்டிகள் குடித்தது போக அவற்றின் மடியில் வீட்டுக்கு மிஞ்சுவது குறைவு. அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தோட்டம் வைத்திருக்கும் குடும்பம் தன் தேவைக்குப் பால் வேண்டி ஆடு வாங்குவதானால், மலபார் கரையிலிருந்து வந்து இங்கே நன்கு பழகிவிட்ட தலைச்சேரி ஆடே பொருத்தமானது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பகுதியைச் சேர்ந்த ஜமுனாபாரியும் பஞ்சாபின் பீட்டலும் கூடுதலாகக் கறப்பவை என்றாலும், பெரிய உடம்புக்குத் தீவனமும் பெரிதாகவே வேண்டும். சுவிட்சர்லாந்தின் சானன் ஆடு நம் வெயிலுக்கு ஆகாது.

நல்ல தீவனம் பெறும் தலைச்சேரி ஆடு, ஈன்ற முதல் சில மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லிட்டர், அபூர்வமாக அதற்கு மேலும், பால் தரும். இந்த இனத்தில் இரட்டைக் குட்டிகள் சாதாரணம் என்பதால், அவற்றின் பங்கு போக வீட்டுக்கு அரை லிட்டர் கிடைத்தாலே நிறைவு கொள்ள வேண்டும். அந்த அரை லிட்டரைக் குட்டிகள் வாடாமல் எடுப்பதில்தான் வளர்ப்பவரின் திறமை முழுவதும் இருக்கிறது.

வாங்கும்போது

இனப்பெயரைக் கேட்டு வாங்குவதைக் காட்டிலும் மடியைப் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டாம் அல்லது மூன்றாம் ஈற்றில் இருக்கும் ஆட்டை, குட்டிகளோடு, வளர்ப்பவரின் வீட்டுக்கே கறக்கும் நேரத்தில் சென்று பார்த்து, நம் கண்முன் கறக்கச் சொல்ல வேண்டும். கறந்த பிறகு மடி வற்றித் துவண்டு, மெத்தென்ற தோலாகத் தொங்கினால் அது பால் மடி; கறந்த பிறகும் பருத்தே நின்றால் அதில் இருப்பது சதை. மடியை விரலால் அழுத்தும்போது கட்டி தட்டுப்பட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த ஆடு வேண்டாம். காம்புகள் இரண்டும் ஒரே அளவில், கைக்குப் பிடிபடும் நீளத்தில் இருக்க வேண்டும். முன்வாய்க் கீழ்வரிசையில் இரண்டு நிலைப்பற்கள் முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டியது என்றும், நான்கு இருந்தால் ஏறக்குறைய இரண்டு என்றும் கொள்ளலாம். விற்பவர் சொல்லும் வயதைப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சந்தையில் வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. முந்தைய நாள் கறக்காமல் நிறுத்தி, மடியைப் பெரிதாகக் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. பல ஊர் ஆடுகள் ஒன்றாக நிற்குமிடத்தில் ஆட்டுக்கொல்லி நோயும் தொற்றிக்கொண்டு வரும். எங்கிருந்து வாங்கினாலும் புதிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிவைத்த பிறகே பழைய ஆட்டோடு சேர்க்க வேண்டும்.

ஒற்றை ஆடு துணையின்றிக் கத்திக்கொண்டே இருக்கும் என்பதால் குறைந்தது இரண்டு வேண்டும். கிடா வேண்டியதில்லை. இரண்டு ஆட்டுக்காக ஒரு கிடாவுக்கு ஆண்டு முழுவதும் தீவனம் போடுவது வீண்செலவு என்பதோடு, அதன் நாற்றம் பாலிலும் ஏறிவிடும். பக்கத்து ஊரில் நல்ல தலைச்சேரிக் கிடா வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். ஆனால் அதே கிடாவின் மகளை மீண்டும் அதனிடமே கொண்டு செல்லக் கூடாது.

கொட்டகையும் தீவனமும்

கொட்டகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓர் ஆட்டுக்குப் பத்துச் சதுர அடி இடம், மழை ஒழுகாத கூரை, காற்றோட்டம், தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் மரச்சட்டங்களால் ஆன பரண் ஆகியவை இருந்தால் போதும். சட்டங்களுக்கு இடையே புழுக்கை விழுமளவு இடைவெளி இருக்க வேண்டும். குளம்பு சிக்குமளவு இருக்கக் கூடாது. உலர்ந்த பரணில் படுக்கும் ஆட்டுக்கு மடிநோயும் குளம்பழுகலும் வெகுவாகக் குறையும். கீழே சேரும் புழுக்கை தோட்டத்துக்கு எருவாகிவிடும்.

தீவனத்தில் மட்டும் கணக்கு வேண்டும். முப்பது கிலோ எடையுள்ள கறவை ஆட்டுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ பசுந்தீவனம், அரைக் கிலோ உலர் தீவனம், அவற்றோடு அடர் தீவனம் ஆகியவை தேவை. பசுந்தீவனத்துக்கென்று தனி நிலம் ஒதுக்க முடியாதவர்கள் வரப்பிலும் வேலியிலும் அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா, சூபாபுல் ஆகியவற்றை நட்டு, முறைவைத்து வெட்டலாம். பல்வகைத் தழைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஆடு சலிக்காமல் தின்னும். சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், அது மொத்தப் பசுந்தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பூக்காத இளஞ்சோளமும் வறட்சியில் வாடிய சோளப்பயிரும் சயனைடு நச்சு உள்ளவை. அவற்றை ஆடு கடிக்க விடக் கூடாது. தழையைத் தரையில் கொட்டாமல், ஆட்டின் தலைக்குச் சற்று உயரே கட்டாகத் தொங்கவிட வேண்டும்; காலில் மிதிபட்ட தழையை வெள்ளாடு முகர்ந்துகூடப் பார்க்காது. உலர் தீவனமாகக் கடலைக்கொடி கிடைக்கும் ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அடர் தீவனத்தை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். 10 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.5 கிலோ, கோதுமைத் தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், சாதாரண உப்பு 100 கிராம் என்ற அளவு பொருந்தும். உடம்பைக் காக்க 150 கிராமும், சுரக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 350 கிராமும் எனக் கணக்கிட்டு இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு ஆட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் இறங்கிவிடும். மற்றொரு தவறு, விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றையும் வடித்த கஞ்சியையும் பாசத்தால் ஆட்டுக்கு நிறைய வைப்பது. பழக்கமில்லாத வயிற்றில் மாவுச்சத்து திடீரென்று சேரும்போது அமிலம் பெருகி, வயிறு உப்பி, ஓரிரு நாளில் ஆடு செத்துவிடும். பந்தி முடிந்த மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிவரப்படும் ஆடுகளில் இத்தகையவை உண்டு.

சினையும் ஈற்றும்

பருவத்துக்கு வந்த ஆடு ஓயாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், தீவனத்தில் நாட்டம் குறையும், பிறப்புறுப்பில் கண்ணாடி போன்ற திரவம் வடியும். இது ஏறக்குறைய 21 நாளுக்கொரு முறை வந்து ஒன்றரை நாள் வரை நீடிக்கும். அறிகுறி தெரிந்து அரை நாள் கழித்து ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் கிடாவோடு சேர்ப்பது நல்லது. சினைக்காலம் 150 நாட்கள். ஈன்ற மூன்றாம் மாதத்தில் மீண்டும் சேர்த்தால் எட்டு மாதத்துக்கு ஓர் ஈற்று என்று வரும். இரண்டு ஆடுகளையும் ஒரே சமயத்தில் சினைப்படுத்தாமல் நான்கு மாத இடைவெளி விட்டால், ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்கும். வீட்டில் பால் அறுபடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குட்டிகள் பிறந்தால் சளியும் கழிச்சலும் வாட்டும் என்பதால், வைகாசி, ஆனியில் சினைப்படுத்துவதை இயன்றவரை தவிர்க்கலாம்.

குட்டி விழுந்தவுடன் மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புள்கொடியில் டிங்சர் அயோடின் தடவி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். முதல் ஐந்து நாள் மடியில் உள்ள அனைத்தும் குட்டிகளுக்கே உரியது. பால் சுரப்பு மிகுந்து மடி கனத்துப்போனால், குட்டிகள் வயிறு நிறையக் குடித்த பிறகு மீதியைக் கறந்து மடியைத் தளர்த்தலாம்.

குட்டிக்கும் வீட்டுக்கும் பங்கு

பெரிய பண்ணைகளில் குட்டியைப் பிறந்த சில நாளிலேயே பிரித்துப் புட்டிப்பாலில் வளர்த்து, தாயை இரு வேளையும் கறப்பார்கள். வீட்டு அளவில் அது தேவையற்ற பாடு. குட்டிகளை இரவு மட்டும் பிரித்துவைத்து, காலையில் ஒரே வேளை கறந்துவிட்டு, பகல் முழுவதும் தாயோடு விட்டுவிடுவதே சிறு குடும்பத்துக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து.

குட்டிகளுக்கு இரண்டரை, மூன்று வாரம் ஆனபின் இதைத் தொடங்கலாம். கொட்டகையின் ஒரு மூலையைச் சட்டமடித்துத் தடுத்து, தாயும் குட்டியும் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிந்தாலும் பால் குடிக்க முடியாதபடி அமைக்க வேண்டும். முதல் சில நாள் நான்கைந்து மணி நேரம் மட்டும் அடைத்துப் பழக்கி, பிறகு இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை நீட்டலாம். அடைப்பினுள் தண்ணீரும் இளந்தழையும் ஒரு கைப்பிடி அடர் தீவனமும் இருந்தால் குட்டிகள் கொறிக்கப் பழகிவிடும். இரைப்பை வளர்வதற்கும் அது உதவும். காலையில் கறக்கும்போது மடியை முற்றிலும் வற்ற வைக்காமல் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். பசியோடு காத்திருக்கும் குட்டிகள் மீதியைக் குடித்துக்கொள்ளும்.

இது சரியாக நடக்கிறதா என்பதைத் தராசுதான் சொல்லும். ஒரு சாக்கில் குட்டியை இருத்தி, தொங்கு தராசில் மாட்டி, ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் எடை பார்த்துச் சுவரில் எழுதிவைக்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோவாவது கூடினால் நம் பங்கை எடுப்பதில் குற்றமில்லை. எடை நின்றுவிட்ட குட்டியைக் கண்டால், இரவு அடைப்பதை அன்றே நிறுத்தி, கழிச்சலோ குடற்புழுவோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். மூன்று குட்டி போட்ட ஆட்டிடம் முதல் இரண்டு மாதம் பால் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இம்முறையில் இன்னொரு வசதியும் உண்டு: வீட்டார் கல்யாணம் காட்சிக்கு வெளியூர் போக நேர்ந்தால், குட்டிகளைத் தாயோடு விட்டுவிட்டுப் போகலாம், கறப்பதற்கு ஆள் தேட வேண்டாம்.

கறத்தல்

ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை அமைத்து, அதன் முன்னால் தீவனத் தொட்டி வைத்துவிட்டால் ஆடு தானாக ஏறி நிற்கும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, மடியை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். ஈர மடியிலிருந்து வழியும் அழுக்கு நீர் பாலில்தான் விழும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காம்பின் அடியை மடியோடு சேருமிடத்தில் இறுக்கினால், காம்புக்குள் இறங்கிய பால் மேலே திரும்பாது. அதன்பின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என ஒவ்வொன்றாக மூடும்போது பால் பீச்சியடிக்கும். பிடியைத் தளர்த்தினால் காம்பு மீண்டும் நிரம்பும். இழுப்பதும் உருவுவதும் காம்பின் உள்தோலைப் புண்ணாக்கும்.

முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். திரி திரியாகவோ நீர்த்தோ இரத்தம் கலந்தோ இருந்தால் அது மடிநோயின் தொடக்கம்; அந்தப் பாலை வீட்டுக்கு எடுக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊசி போட்ட ஆட்டின் பாலை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதன்முதலாகக் கறக்கும்போது சில ஆடுகள் குட்டிக்காகப் பாலை இறக்காமல் நிறுத்திக்கொள்ளும். குட்டி முட்டுவதைப் போல உள்ளங்கையால் மடியை மெல்ல இரண்டு மூன்று முறை மேல்நோக்கித் தள்ளினால் இறங்கிவிடும்.

கறந்த பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் துணியில் வடிகட்டி, தாமதிக்காமல் காய்ச்ச வேண்டும். ஆட்டுப்பால் வாடை அடிக்கும் என்னும் பழிக்குக் கிடாவின் அருகாமையும், பாலை வெயிலில் வைத்திருப்பதும், பாத்திரத்தைச் சரியாகக் கழுவாததுமே பெரும்பாலும் காரணம். காய்ச்சாமல் குடித்தால்தான் சத்து என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். புருசெல்லா நோய் ஆட்டிலிருந்து மனிதருக்கு வரும் வழிகளில் பச்சைப்பாலும் ஒன்று. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் குறைவு என்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கக் கூடாது. பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது, ஏனெனில் இரண்டின் புரதங்களும் ஒன்றையொன்று ஒத்தவை. தயிர் சற்று இளகலாகவே உறையும்.

நோயும் பால் நிறுத்தமும்

ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசியை மூன்று மாத வயதுக்கு மேல் போட்டால் மூன்று ஆண்டு காக்கும். துள்ளுமாரி என்னும் குடல்நச்சு நோய்க்கு ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் போட வேண்டும். குடற்புழு மருந்தைக் காலண்டரைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், புழுக்கள் அம்மருந்துக்குப் பழகிவிடும். கீழ் இமையைப் புரட்டிப் பார்த்து, சிவப்பு வெளுத்து வெள்ளையாகத் தெரிந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது என்று கொண்டு, புழுக்கையைச் சோதித்து மருந்து கொடுப்பதே முறை. காலையில் பனி உலர்ந்த பிறகு மேயவிட்டால் புல்நுனியில் ஏறியிருக்கும் புழுக்குஞ்சுகள் வயிற்றில் போவது குறையும்.

அடுத்த ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே பாலை நிறுத்திவிட வேண்டும். வயிற்றிலுள்ள குட்டி மிக வேகமாக வளர்வது அப்போதுதான். முந்தைய ஈற்றுக் குட்டிகள் அதற்குள் பால் மறந்திருக்க வேண்டும். முதலில் அடர் தீவனத்தைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கறந்து, ஒரு வாரத்தில் முற்றிலும் நிறுத்தலாம். நிறுத்திய பிறகு மடி இரண்டு மூன்று நாள் விம்மி நிற்கும். அதைக் கண்டு மனமிரங்கிக் கறந்தால் மறுபடியும் சுரக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கல்லாக இறுகிச் சுட்டால் அது மடிநோய் என்பதால், அந்த வாரம் முழுவதும் காலையும் மாலையும் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மடி தளர்ந்த பின் அடர் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் நாளுக்குள் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.